ஒன்பதாம் எண் கல்

ஆறு வருடமாக டெல்ஃபியா ஒரு செத்த மனிதனைத் துரத்திக்கொண்டிருந்தாள். உயிரோடு இருப்பவனைத் துரத்தினால் அவன் என்றைக்காவது மூச்சு வாங்கி ஓரிடத்தில் நிற்பான். ஏபெல் ஹென்ஸ்லி நிற்கிற ஆளாகத் தெரியவில்லை.

பீன் ஓடைக்கரையில் இன்றைக்கு இருக்கிற ஹென்ஸ்லி வம்சம் மொத்தத்துக்கும் ஏபெல்தான் முதல் ஆள் என்று பேச்சு. வர்ஜீனியாவிலிருந்து மலை தாண்டி கென்டக்கிக்கு வந்தவர். காட்டை அழித்துச் சோளம் போட்டவர். டெல்ஃபியாவின் கொள்ளுத்தாத்தா ஜோசயாவுக்கு அப்பா. இவ்வளவும் வாய்ப்பேச்சு. காகிதத்தில் தேடினால் ஆயிரத்து எண்ணூற்று ஒன்பதாம் வருட வரிப்பட்டியலில் ஒரு தடவை வருகிறார், பத்தாம் வருடப் பட்டியலில் ஒரு தடவை வருகிறார். அதற்குப் பிறகு ஆளைக் காணோம். உயில் இல்லை. சொத்துப் பிரித்த பத்திரம் இல்லை. ஒரு மனிதன் செத்தால் அவன் விட்டுப்போன கோடரியையாவது ஏலம் போட்டு எழுதி வைப்பார்கள். ஏபெலுக்கு அதுகூட இல்லை. போதாக்குறைக்கு, உள்நாட்டுப் போரின்போது மாவட்ட நீதிமன்றம் எரிந்துபோனது. எந்தப் பக்கத்துப் படை கொளுத்தியது என்று ஊரில் இன்னும் சண்டை நடக்கிறது. யார் கொளுத்தினால் என்ன, சாம்பல் ஒன்றுதான் என்பாள் டெல்ஃபியா.

அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. வயது ஐம்பத்தேழு. இருநூறு பிள்ளைகளுக்கு பீன்ஸ் வேக வைக்கிற அண்டாவைத் தனியாளாக இறக்கிவைக்கிற கை. மதியம் இரண்டரை மணிக்குமேல் கிடைக்கிற நேரத்தில்தான் இந்தத் தேடல். மூன்று மாவட்டத்துக்குத் தன் பழைய வண்டியில் போய்வந்தாள். ஒரு நூலகத்தில் பழைய ஏடுகளின் படச்சுருளைப் பார்க்கிற இயந்திரம் ரிப்பேர். இன்னொன்றில் இயந்திரம் ஓடியது, வேண்டிய சுருளைக் காணவில்லை. மூன்றாவதில் இரண்டுமே சரி. படம் எடுத்தவனின் கட்டைவிரல்தான் பக்கத்துக்குப் பக்கம் தெளிவாக விழுந்திருந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரு கல். ஓடைக்கு மேலே மேட்டில் ஹென்ஸ்லிகளின் பழைய இடுகாடு இருந்தது. முப்பத்தொரு கல்லறை. பாதிக்குமேல் ஓடையிலிருந்து தூக்கிவந்து நட்ட மொட்டைக்கல், ஓர் எழுத்துக் கிடையாது. அதில் ஒரு கல்லில் மட்டும் யாரோ உளியால் இரண்டு இலை மாதிரி செதுக்கியிருந்தார்கள். இடது இலையின் நுனி கவட்டையாகப் பிளந்திருந்தது. வலது இலையின் அடியில் பிறை போல ஒரு துண்டு வெட்டு. அது ஜெபம் பண்ணுகிற இரண்டு கை என்று பாஸ்டர் சொன்னார். செவ்விந்தியர் குறி என்றார்கள் சிலர். பெரியப்பா மகன் வெண்டலுக்கோ அதில் சந்தேகமே கிடையாது.

“ஓக் இலை அக்கா அது. வீரத்துக்கு அடையாளம். ஏபெல் போர் வீரர் இல்லையா.”

“ஓக் இலை இப்படியாடா இருக்கும்? நீ மரத்தைப் பாத்திருக்கியா, டயரை மட்டும்தான் பாத்திருக்கியா?”

வெண்டல் டயர் கடை வைத்திருந்தான். அவளுக்கு நாலு வயது இளையவன். சுதந்திரப் போர்க்கால வர்ஜீனியாப் படைப்பட்டியலில் ஏபெல் ஹென்ஸ்லி என்று ஒரு வரி கண்டுபிடித்து, அதைச் சட்டம் போட்டு கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தான். டயர் மாற்ற வருகிறவன் அந்த வரியை வாசிக்காமல் வெளியே போக முடியாது.

ஆறு வருடம் மெத்தனமாக நடந்த தேடலுக்கு அந்த வசந்தத்தில் கழுத்தில் கத்தி விழுந்தது. ஓடையை மறித்து அணை கட்டுகிறார்கள், மேடு முழுகப்போகிறது. கல்லறைகளுக்கு நம்பர் போட்டு, தோண்டி, மலைமேல் புது இடுகாட்டில் வைப்பதற்கு ஓர் அலுவலகம் திறந்தார்கள். இலை செதுக்கிய கல்லுக்கு ஒன்பதாம் நம்பர் விழுந்தது. சக்கரம் வைத்த தகர அறை, அதற்குள் க்ரேடி என்ற ஓர் இளம் அதிகாரி. பட்டணத்துப் பையன், நல்ல மரியாதை. அந்த மரியாதையோடேயே எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்வான்.

“எழுத்து இருக்கிற கல்லைக் கல்லோட மாத்திடுவோம் மேடம். எழுத்து இல்லாததுக்கு, பேர் தெரியாதவர்னு நம்பர் போட்டு ஒரு சின்ன சிமெண்ட் கட்டை வெப்போம். பழைய கல் வராது.”

“அந்த ஒன்பதாம் நம்பர் கல்லுல குறி இருக்கே தம்பி.”

“குறி எழுத்து இல்லையே மேடம். யாருதுன்னு ஒரு பேப்பர் கொண்டுவாங்க. இல்லேன்னா வாரிசுங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. மே மூணாம் தேதி வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்குள்ள.”

வெண்டல் அந்த உறுதிமொழியை அன்றைக்கே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். ‘ஒன்பதாம் எண்ணில் அடங்கியிருப்பவர் ஏபெல் ஹென்ஸ்லி.’ இரண்டாவது கையெழுத்துதான் பாக்கி. அவர் இங்கே செத்தார் என்று எந்த ஏட்டிலும் இல்லாதபோது எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று டெல்ஃபியா மறுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் குழியில் இருப்பவருக்கு அவருடைய சொந்தப் பெயர் போய்ச் சேர வேண்டும். பெயர் தெரியாதவர் என்று நம்பர் போடுவது ஒரு அநியாயம் என்றால், தெரியாமல் ஒரு பெயரைப் போடுவது அதைவிட அநியாயம் என்று அவளுக்குப் பட்டது.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கையில், திங்கட்கிழமை, மாவட்ட அலுவலகத்துக்குக் கடைசியாக ஒரு தடவை போனாள். அங்கே இருபது வருடமாக ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தா அம்மாள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே சொன்னாள்:

“எல்லாந்தான் எரிஞ்சுபோச்சே. பன்னிப் புத்தகம் ஒண்ணுதான் தப்பிச்சுது.”

“என்ன புத்தகம்?”

“பன்னிப் புத்தகம். ஊர்ப் பன்னியெல்லாம் காட்டுல விட்டு மேய்ச்ச காலத்துல, யாரு பன்னி எதுன்னு காதை வெட்டி அடையாளம் வெப்பாங்கல்ல, அந்தக் குறியெல்லாம் எழுதி வெச்ச புத்தகம். இலை உதிர்ற காலத்துல பன்னி பிடிக்கையில சண்டை வருமே, அதுக்காக அப்ப இருந்த குமாஸ்தா ப்ருயிட் அதை வீட்டுலயே வெச்சிருந்தாராம். அவர் வம்சத்துல எஸ்டில் ப்ருயிட் வீட்டுல இன்னும் கிடக்குதுன்னு சொல்வாங்க.”

டெல்ஃபியாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “நான் ஆறு வருஷமா இங்க வந்துட்டிருக்கேன். இப்ப சொல்றீங்களே.”

“நீங்க ஏபெலைப் பத்தித்தானே கேட்டீங்க. பன்னியைப் பத்தி ஒருநாளும் கேக்கலையே.”

இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று அவள் படியிறங்கினாள்.

எஸ்டில் ப்ருயிட்டுக்கு எண்பத்தொரு வயது. அடுத்த பள்ளத்தாக்கில் தனியாக இருந்தார். மனைவி லூடி போய் இரண்டு வருடம். புத்தகம் இருக்கிறதா என்று கேட்டவுடனே இருக்கிறது என்று தலையாட்டி, சமையலறை அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். தோல் அட்டை போட்ட கனத்த புத்தகம். டெல்ஃபியா பயபக்தியோடு திறந்தாள். முதல் பக்கத்தில், சிவப்பு ஜெல்லியில் துருவிய கேரட் போடுவது எப்படி என்று இருந்தது.

இரண்டாம் பக்கத்தில் டப்பா மீனில் வடை. மூன்றாம் பக்கத்தில் பூசணிக்காய் அல்வா மாதிரி ஏதோ ஒன்று. பத்திரிகையிலிருந்து வெட்டியது பாதி, லூடியே கையால் எழுதியது பாதி. அத்தனையும் மைதாப் பசை தடவி, விளிம்பு தூக்காமல், அழகாக அழுத்தி ஒட்டியிருந்தது. ஆயிரத்து எண்ணூறுகளின் எழுத்து, ஓரங்களில் எறும்பின் கால்போல நாலு கோடாக எட்டிப்பார்த்தது. அவ்வளவுதான்.

“நல்ல தாளு பாரு. வீணாப் போகுதேன்னு நாந்தான் அவளுக்குக் குடுத்தேன்,” என்றார் எஸ்டில் பெருமையாக.

டெல்ஃபியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சமையல்காரியின் மூளை மட்டும் கொஞ்சம் வேலை செய்தது. மைதாப் பசை ஆவிக்கு இளகும்.

“எஸ்டில் மாமா, கெட்டில் ஆவியில காட்டினா இதெல்லாம் உரிஞ்சு வந்துடும். அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டுத் திரும்ப ஒட்டித் தர்றேன்.”

“உரிக்கையில கிழிஞ்சா?”

“கிழியாம பாத்துக்கறேன்.”

“அவ எழுதினது பென்சில்ல. ஆவி பட்டா நிக்குமா?”

நிற்கும் என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. கிழவர் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். உரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சமையல் குறிப்பையும் நோட்டில் எழுதித்தர வேண்டும். முத்து முத்தான கையெழுத்தில். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக. நடுவில் புகுந்து பார்க்கிற வேலை கிடையாது. புத்தகம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

“போட்டோ புடிச்சுக்கலாமே மாமா?”

“போட்டோவைப் பாத்து யாரும்மா சமைப்பா?”

“மாமா, எனக்கு வெள்ளிக்கிழமை கெடு.”

“எனக்கு ஒரு கெடுவும் இல்லையே,” என்றார் எஸ்டில்.

கல்லில் நார் உரிப்பது என்பார்கள். அதுகூடச் சுலபம் என்று அந்த வாரத்தில் டெல்ஃபியாவுக்குத் தெரிந்தது. தினமும் பள்ளிக்கூடத்தில் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரண்டே முக்காலுக்கு எஸ்டில் வீட்டில் இருப்பாள். எழுதுவாள், ஆவி காட்டுவாள், வெண்ணெய்க் கத்தியால் நெம்பி உரிப்பாள். அடியில், ‘ஜேம்ஸ் என்பவர் குறி, வலது காது மொட்டை.’ ‘எலைஜா என்பவர் குறி, இரண்டு காதிலும் ஓட்டை.’ ஹென்ஸ்லி இல்லை. அடுத்த பக்கம். உருளைக்கிழங்கில் கேக். அதன் அடியில் யாரோ ஒருவர் சிவப்பு எருதைக் காணவில்லை என்று புகார் எழுதியிருந்தார். நூற்றுச்சொச்சம் வருடமாகியும் எருது கிடைத்ததாகத் தகவல் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பிஸ்கட் குறிப்பில் சோடா உப்பு மூன்று கரண்டி என்று இருந்தது. இத்தனை காலம் அடுப்படியில் நின்றவளுக்குக் கை ஓடவில்லை.

“மாமா, இது ஒரு கரண்டிதான் இருக்கணும். மூணு போட்டா வாயில வெக்க முடியாது.”

“அவ மூணுன்னுதானே எழுதியிருக்கா?”

“தப்பா எழுதியிருக்காங்க.”

“அம்பத்திரெண்டு வருஷம் அந்த பிஸ்கட்டைத்தான் தின்னேன். மூணுன்னே எழுது. கீழ அவ பேரையும் போடு. லூடி ப்ருயிட்டுன்னு. ஒவ்வொண்ணுக்கும் போடு.”

ஒவ்வொன்றுக்கும் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு லூடி ப்ருயிட் லூடி ப்ருயிட் என்று எழுதியதில் அவளுக்குத் தன் பெயரே மறந்துவிடும்போல் இருந்தது. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஐம்பத்தெட்டுப் பக்கம் முடிந்தது. வருடம் ஆயிரத்து எண்ணூற்று ஏழுக்குத்தான் வந்திருந்தது. இன்னும் நாலு பக்கம் இன்றே பார்க்கட்டுமா என்று கெஞ்சினாள். சாப்பிட்டுவிட்டு ஆறரைக்குப் படுப்பது தன் வழக்கம் என்று எஸ்டில் விளக்கை அணைக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு வெண்டல் பள்ளிக்கூடத்துச் சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றான். உள்ளே நூறு பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டெல்ஃபியா ஒரு கையில் கரண்டியோடு இருந்தாள்.

“அக்கா, அரை மணிதான் இருக்கு. கையெழுத்துப் போடு.”

“ஆதாரம் இல்லாம எப்படிடா போடறது?”

“ஆறு வருஷமாத் தேடினியே, அவர் இங்க சாகலேன்னு ஏதாவது ஆதாரம் கிடைச்சுதா?”

“அதுவும் கிடைக்கல. பத்தாம் வருஷத்தோட ஆள் மறைஞ்சுட்டாரு. இப்படி மறையற மனுஷனை நான் பாத்ததே இல்ல.”

“மறைஞ்சார்னா செத்தார்னு அர்த்தம். செத்தார்னா இங்கதான் புதைச்சிருப்பாங்க. வேற எங்க போவார்? இப்ப நீ போடலேன்னா சிமெண்ட் கட்டையில நம்பர் ஒம்பதுன்னு நிக்கும். அது உனக்கு சம்மதமா? சொல்லு. நான் இப்பவே போயிடறேன்.”

அது அவளுக்குச் சம்மதமில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். பின்னால் ஒரு பீன்ஸ் பாத்திரம் அடிப்பிடிக்கிற வாசனை. எப்படியும் அந்த மேட்டில் வேறு யார் பெரிய ஆள் இருந்தார்கள், குறி செதுக்கிக் கல் நடுகிற அளவுக்கு? ஏபெலாகத்தான் இருக்கும். வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். வெண்டல் அதை ஊதிக் காயவைத்துக்கொண்டு ஓடினான். அடிப்பிடித்த பீன்ஸைத்தான் அன்றைக்குப் பிள்ளைகள் தின்றார்கள்.

மிச்சக் குறிப்புகளை எழுதித்தருவதாக வாக்குக் கொடுத்திருந்ததால் சனிக்கிழமை காலையில் எஸ்டில் வீட்டுக்குப் போனாள். அவசரம் போய்விட்டது, உற்சாகமும் போய்விட்டது. அறுபத்தோராம் பக்கம் பீட்ரூட் ஊறுகாய். எழுதினாள், லூடி ப்ருயிட் என்று போட்டாள், கெட்டில் மூக்கில் காட்டி உரித்தாள்.

அடியில் இரண்டு இலை இருந்தது.

இலை இல்லை, காது. பன்றியின் இரண்டு காதை நேரே பார்த்து, குமாஸ்தா மையால் வரைந்திருந்தார். இடது காது நுனியில் கவட்டை. வலது காதின் அடியில் பிறை வெட்டு. மேலே ‘ஏபெல் ஹென்ஸ்லி குறி’ என்று எழுதி, அதன்மேல் ஒரே கோடாக அடித்திருந்தது. கீழே வேறு மையில் இப்படி இருந்தது:

‘மேற்படி ஏபெல் இந்த மாவட்டத்தையும் தன் மனைவி மக்களையும் விட்டுவிட்டு, சாமுவேல் என்பவர் மகளைக் கூட்டிக்கொண்டு, மிசௌரி நதிப்பக்கம் போய்விட்டபடியாலும், திரும்பி வருவதாகச் சொல்லி ஒரு வருடம் ஆகிவிட்டபடியாலும், மேற்படி பன்றிகளைக் காட்டில் பிடித்துக் காத்து வருகிறவள் அவன் மனைவி கெசையா ஆனபடியாலும், அவள் நேரில் வந்து கேட்டுக்கொண்டபடி இந்தக் குறி இன்றுமுதல் அவளுடையது. அவளுக்கு எழுதத் தெரியாதபடியால் இந்தக் குறியே அவள் கையெழுத்து. 1811, அக்டோபர்.’

அதற்கும் கீழே, இன்னொருவர் கையெழுத்தில் ஒரு வரி: ‘கெசையா ஹென்ஸ்லி இறந்துபோனபடியால் அவள் குறி மகன் ஜோசயாவுக்கு. 1839.’

டெல்ஃபியா அதை மூன்று தடவை வாசித்தாள். ஜோசயாவுக்கு மேட்டில் பெயர் எழுதிய கல் தனியாக இருந்தது; அப்படியானால் ஒன்பதாம் எண் குழி கெசையாவுடையது. கெட்டில் கூவிக்கொண்டே இருந்தது, இறக்கவில்லை. ஆறு வருடம் எந்த ஏட்டைத் திறந்தாலும் ‘ஹென்ஸ்லி, ஏபெல்’ என்றுதான் விரலை ஓட்டினாள். கெசையா என்ற பெயர் அவளுக்குத் தெரியாததல்ல. குடும்ப பைபிளில் ‘மனைவி கெசையா’ என்று ஒரு மூலையில் இருந்தது. ஒரு தடவைகூட அந்தப் பெயரைத் தேடவேண்டும் என்று தோன்றவில்லை. ஓடிப்போன ஒருவனை ஊர் ஊராகத் தேடி, இருந்த இடத்திலேயே இருந்து செத்தவளை விட்டுவிட்டாள். அவள் குழிக்குமேல் ஓடிப்போனவன் பெயரைப் போடச்சொல்லி நேற்று பதினொன்றரை மணிக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வெண்டல்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

“கிழிச்சுட்டியா?” என்று பதறிப்போய் வந்தார் எஸ்டில்.

“இல்ல மாமா. ஊறுகாய் நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெட்டேன்.”

திங்கட்கிழமை, எஸ்டிலைக் கையில் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவரையும் புத்தகத்தையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு தகர அறைக்குப் போனாள். கிழவர் புத்தகத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. மடியில் வைத்தபடியே க்ரேடி வாசித்தான். வாசித்துவிட்டு உண்மையாகவே முகம் மலர்ந்தான்.

“அருமையான ஆதாரம் மேடம். இது வெள்ளிக்கிழமை வந்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல.”

“இன்னைக்குத் திங்கள்தானே தம்பி. இன்னும் நீங்க தோண்டவே இல்லையே.”

“தோண்டல. ஆனா பட்டியல் மேல போயிடுச்சு. மாத்தணும்னா, உறுதிமொழி குடுத்த ரெண்டு பேருமே கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கணும்.”

“என் நாலு நாளையும் தின்னது இந்தப் பெரியவர் வீட்டு ஊறுகாயும் ஜெல்லியும்தான் தம்பி.”

“அதுக்கு எங்க ஃபாரத்துல இடம் இல்லையே மேடம்.”

டயர் கடையில் வெண்டல் ஜாக்கியை இறக்கிவிட்டு வந்து, அவள் எழுதி வைத்திருந்த நகலை நின்றபடியே வாசித்தான். அவன் முகம் மாறியதை டெல்ஃபியா பார்த்தாள். கல்லாவுக்கு மேலே சட்டத்துக்குள் இருந்த அந்த ஒரு வரியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டான்.

“பன்னிக் கணக்கு எழுதற குமாஸ்தா என்னத்தையாவது கிறுக்கியிருப்பான்.”

“அந்தக் கல்லுல இருக்கறது இதே குறிடா. உன் ஓக் இலை பன்னிக்காது.”

“அக்கா, போர் வீரர்னு அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டு வெள்ளைப் பளிங்குக் கல்லுக்கு உத்தரவாகியிருக்கு. கல்லறைக்குப் பூ வெக்கற ஞாயித்துக்கிழமைக்கு நாலு மாநிலத்துலேருந்து நம்ம ஜனம் வருது. கொடி புடிக்க ஆள் சொல்லியாச்சு. இப்பப் போய், நம்ம வம்சத்து முதல் ஆள் அடுத்தவன் பொண்ணை இழுத்துக்கிட்டு ஓடிப்போனவர்னு நான் மைக்குல சொல்லணுமா?”

“ஓடினவரைப் பத்தி ஒண்ணும் சொல்லவேண்டாம். அங்க இருக்கறவ பேரைச் சொல்லு. பன்னியை அவ மேய்ச்சா, பிள்ளைங்களை அவ வளத்தா. நீயும் நானும் அவ போட்ட சோத்துல வந்தவங்க.”

“கையெழுத்து நீயும்தானே போட்ட?” என்றான் வெண்டல். குரலைக்கூட உயர்த்தவில்லை.

டெல்ஃபியா நகலை அவன் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. வாபஸ் வாங்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்று இன்னொன்று வந்தது. மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

கல்லறைகளைத் தோண்டி முடித்த அன்று வேலை விட்டதும் மேட்டுக்குப் போனாள். குழிகள் மூடியிருந்தன. எழுத்தில்லாத கற்களையெல்லாம் புல்டோசர் வழித்து ஓடைக்கரையில் குவித்திருந்தது, அணைக்கரைக்கு அடுக்கக் கொண்டுபோவதற்காக. பளிங்குதான் வருகிறதே என்று ஒன்பதாம் எண் கல்லையும் அதிலேயே தள்ளிவிட்டிருந்தார்கள். டெல்ஃபியா குவியலில் ஏறி ஒவ்வொரு கல்லாகப் புரட்டினாள். புரட்டப் புரட்ட வாயில் வந்தபடி திட்டினாள்: க்ரேடியை, வெண்டலை, குமாஸ்தா அம்மாளை, சோடா உப்பை, தன்னை. ஒரு மணிநேரம் கழித்து அது கிடைத்தது. மேல்முனை உடைந்திருந்தது, காது இரண்டும் பத்திரம். வண்டி டிக்கியில் அதை வைத்தபோது வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் இறங்கியது.

பூ வைக்கிற ஞாயிற்றுக்கிழமை மலைமேல் புது இடுகாட்டில் கூட்டம் நெரிந்தது. மேஜைகளில் பொரித்த கோழி, சோளரொட்டி, எட்டு வகை உருளைக்கிழங்கு. டெல்ஃபியா கூடை நிறைய பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள், மூன்று கரண்டி சோடா உப்புப் போட்டு, எழுதியிருந்தபடியே. ஒரு கடி கடித்தவர்கள் மரியாதையாகத் துப்பிவிட்டு நகர்ந்தார்கள். எஸ்டில் மட்டும் மர நிழலில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்தார்.

வெள்ளைப் பளிங்கு பளபளவென்று நின்றது. ‘ஏபெல் ஹென்ஸ்லி, வர்ஜீனியாப் படை.’ முழங்கால் உயரம், பக்கத்தில் சின்னக் கொடி. வெண்டல் மைக்கில் கால்மணி நேரம் பேசினான். ஏபெல் மலை தாண்டினார், காட்டை வென்றார், கடைசிவரை இந்த மண்ணை விட்டு அசையவில்லை என்று சொன்னபோது சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

டெல்ஃபியா வண்டிக்குப் போய் டிக்கியைத் திறந்தாள். தூக்கிவிட ஓடிவந்த இரண்டு பேரை வேண்டாம் என்றாள். கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, கூட்டத்தின் நடுவே நடந்துவந்தாள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு முழுக்க மண். பளிங்குக் கல்லுக்கு முன்னால், அதை ஒட்டினாற்போல, இறக்கி நிறுத்தினாள். பழைய கல் அகலமாக இருந்தது, இரண்டு விரல்கடை உயரமும் கூட. உடைந்த மேல்முனைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு விளிம்பு மட்டும் தெரிந்தது.

வெண்டல் மைக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்தான்.

“அக்கா, என்ன பண்ற? கல்லை நகத்து. அவர் பேரு மறையுது.”

டெல்ஃபியா குனிந்து கல்லின் அடியில் மண்ணை அணைத்து, காலால் மிதித்து இறுக்கினாள்.

“மறையட்டும்,” என்றாள். “மறையறது அந்த ஆளுக்குப் புதுசா என்ன.”